சர்வரில் இரண்டாவது ஐபி சேர்த்தாயிற்று, ஆனால் வேலை செய்யவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே நெட்வொர்க் கார்டில் இன்னொரு ஐபி முகவரி சேர்ப்பது ஒரு வரி வேலை. சேர்த்த பிறகு வரும் தொல்லைகள்தான் பல வகை. அவற்றில் நான் திரும்பத் திரும்பச் சந்தித்த கேள்விகளையும், நானே தேடித் தேடிக் கண்டுபிடித்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே அமைப்பு: கார்டின் பெயர் ஈத்0, முதன்மை ஐபி 192.0.2.10, புதிதாகச் சேர்த்தது 192.0.2.25, கேட்வே (வெளியுலகுக்கு வழிவிடும் ரூட்டர்) 192.0.2.1, மாஸ்க் (முகவரியில் எந்த அளவு நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்பது) /24. இந்த 192.0.2 வரிசை எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. உங்கள் முகவரிகளைப் பொருத்திப் படித்துக்கொள்ளுங்கள். கமாண்டுகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.

கேள்வி: ஐபி சேர்த்துவிட்டேன், பிங் வரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எதையும் மாற்றாதீர்கள். பயர்வாலை நிறுத்துவது, நெட்வொர்க்கை ரீஸ்டார்ட் செய்வது எல்லாம் அப்புறம். ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) சர்வரின் கார்டு வரை வந்து சேர்கிறதா, இல்லையா?

வரவில்லை என்றால் கோளாறு வெளியே: கேட்வே, ஸ்விட்ச், கிளவுட் அமைப்பு, அல்லது அதே ஐபியை வைத்திருக்கும் இன்னொரு மெஷின். வந்தும் பதில் போகவில்லை என்றால் கோளாறு உங்கள் சர்வருக்குள்: பயர்வால், ரூட்டிங், கேட்காத புரோகிராம். பதில் போயும் அந்தப் பக்கம் சேரவில்லை என்றால், தவறான ஐபியிலிருந்து அல்லது தவறான வழியில் போகிறது என்று சந்தேகப்படலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்கினால் பழைய கோளாறோடு புதியது ஒன்றும் சேரும். பிறகு எது எதனால் என்று பிரிக்கவே முடியாது.

கேள்வி: பாக்கெட் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சர்வரில், வந்துபோகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் ‘டிசிபிடம்ப் -ஈஎன்ஐ ஈத்0 ஏஆர்பி ஆர் ஐசிஎம்பி’ என்று ஓடவிட்டு, வெளியே வேறொரு இடத்திலிருந்து 192.0.2.25-க்குப் பிங் அடியுங்கள். அதில் உள்ள ‘ஈ’ மேக் முகவரிகளையும் (நெட்வொர்க் கார்டுகளின் வன்பொருள் முகவரிகள்) சேர்த்துக் காட்டும். அதை விட்டுவிடாதீர்கள், பாதி உண்மை அங்கேதான் இருக்கிறது.

திரையில் முதலில் வர வேண்டியது கேட்வேயின் கூப்பாடு, அதாவது ஏஆர்பி கேள்வி: “192.0.2.25 யாரிடம் இருக்கிறது? 192.0.2.1-க்குச் சொல்லுங்கள்.” அடுத்த வரியில் உங்கள் சர்வரின் பதில்: “192.0.2.25 இந்த மேக் முகவரியில் இருக்கிறது.” அதன் பிறகே பிங் பாக்கெட் உள்ளே வரும், பதில் வெளியே போகும். மொத்தம் நான்கு வரி. எந்த வரியோடு நின்றுபோகிறது என்று பாருங்கள்.

கூப்பாடும் இல்லை, பிங்கும் இல்லை என்றால் இரண்டில் ஒன்று. அந்த ஐபிக்கான டிராஃபிக் உங்கள் கேட்வேவுக்கே வரவில்லை. அல்லது கேட்வே ஏற்கெனவே வேறொரு மேக் முகவரியை மனதில் வைத்துக்கொண்டு அங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டாவதுதான் நான் அதிகம் பார்த்தது.

கேள்வி: பக்கத்து சர்வர்களிலிருந்து வருகிறது, வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. ஏன்?

இதுதான் நான் மேலே சொன்ன பழைய நினைவு. ஐபியை மேக் முகவரியோடு இணைத்துக் காட்டும் ஏஆர்பி முறை 1982-இல் வந்தது. ஒவ்வொரு ரூட்டரும் தான் கேட்டுத் தெரிந்துகொண்டதை ஒரு பட்டியலில் வைத்திருக்கும். சிஸ்கோ ஐஓஎஸ் ரூட்டர்களில் அந்தப் பட்டியலின் இயல்பான ஆயுள் 4 மணி நேரம். நேற்றுவரை 192.0.2.25 ஒரு பழைய சர்வரில் இருந்து, இன்று நீங்கள் அதைப் புதிய சர்வருக்கு மாற்றியிருந்தால், ரூட்டர் அந்த 4 மணி நேரம் முடியும்வரை பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கலாம். பக்கத்து சர்வர்கள் இந்த ஐபியோடு இதற்கு முன் பேசியதே இல்லை. அவை புதிதாகக் கேட்டுச் சரியான பதில் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் உள்ளே வேலை செய்கிறது, வெளியே வேலை செய்யவில்லை.

“மதியம் தானாகச் சரியாகிவிட்டது” என்று சொல்பவர்களுக்கு நடந்ததும் இதுவேதான்.

காத்திருக்கத் தேவையில்லை. ‘ஏஆர்பிங் -யூ -சி 3 -ஐ ஈத்0 192.0.2.25’ என்று அடியுங்கள். யூவும் ஐயும் பெரிய எழுத்து, சி சின்ன எழுத்து. யாரும் கேட்காமலேயே “இந்த ஐபி இனி என்னிடம்” என்று சர்வர் மூன்று முறை அறிவிக்கும். பெரும்பாலான ரூட்டர்கள் இதைக் கேட்டதும் பட்டியலைத் திருத்திக்கொள்ளும். கேட்காத ரூட்டர்களும் உண்டு. அங்கே ரூட்டரைப் பராமரிப்பவரிடம் அந்த ஒரு வரியை அழிக்கச் சொல்ல வேண்டும். ரூட்டர் உங்கள் கையிலேயே இருந்தால் அரை நிமிட வேலை.

கேள்வி: சில நிமிடம் வருகிறது, சில நிமிடம் வரவில்லை. கேபிள் கோளாறா?

கேபிள் கோளாறு என்றால் முதன்மை ஐபியும் சேர்ந்து தடுமாற வேண்டும். 192.0.2.10 திடமாக இருந்து 192.0.2.25 மட்டும் வந்து வந்து போனால், அதே ஐபி வேறொரு மெஷினிலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை இதற்கு ஒன்றரை நாள் கொடுத்தேன். ஒரு நிறுவனத்தின் சர்வர் அறை. ஐபி பட்டியலில் அந்த எண் “காலி” என்று தெளிவாக எழுதியிருந்தது. நம்பிச் சேர்த்தேன். காலையில் நன்றாக ஓடும், திடீரென்று பத்து நிமிடம் நின்றுபோகும், மறுபடி ஓடும். கடைசியில் பக்கத்து மெஷினில் டிசிபிடம்ப்பை ஓடவிட்டுக் காத்திருந்தபோது ஒரே கேள்விக்கு இரண்டு பதில் வந்து விழுந்தது: ஒன்று என் சர்வரின் மேக், அதற்கு அரை மில்லி விநாடி கழித்து முன்பின் தெரியாத இன்னொரு மேக். ஸ்விட்ச்சில் அந்த மேக் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தேடிப் போனால், அலமாரியின் அடித்தட்டில் எவரும் நினைவில் வைத்திராத ஒரு பழைய பேக்கப் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

அதிலிருந்து ஒரு ஐபியைச் சேர்க்கும் முன்பே ‘ஏஆர்பிங் -டி -சி 3 -ஐ ஈத்0 192.0.2.25’ அடித்துவிடுகிறேன். டியும் பெரிய எழுத்துதான். யாராவது பதில் சொன்னால் அந்த ஐபிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பிங் அடித்துப் பார்ப்பது இதற்குப் போதாது. பிங்கைத் தடுத்துவைத்த மெஷின்கூட ஏஆர்பிக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அணைந்திருக்கும் மெஷினை இதுவும் காட்டிக்கொடுக்காது. ஐபிகளைத் தானாக வழங்கும் டிஹெச்சிபி சர்வர் அதே எண்ணை வேறு யாருக்காவது கொடுக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஐஎஃப்கான்ஃபிக்கில் புதிய ஐபி தெரியவே இல்லையே?

அந்தக் கமாண்டு பழையது. ‘ஈத்0:0’ என்பது போன்ற பெயர் கொடுத்துச் சேர்த்தால்தான் கூடுதல் ஐபியைக் காட்டும். ‘ஐபி அட்ர் ஷோ’ என்று அடித்துப் பாருங்கள், இருப்பதெல்லாம் தெரியும்.

கேள்வி: கூடுதல் ஐபிக்கு மாஸ்க் /24 போடுவதா, /32 போடுவதா?

முதன்மை ஐபி இருக்கும் அதே சப்நெட் (ஒரே நெட்வொர்க்கின் முகவரி வரிசை) என்றால் அதே மாஸ்க் போடுவதே வழக்கம். சில டேட்டா சென்டர்கள் கூடுதல் ஐபியைத் தனியாக, உங்கள் முதன்மை ஐபி வழியாக ரூட் செய்து கொடுக்கும். அங்கே /32, அதாவது அந்த ஒரு முகவரி மட்டும், என்று போட வேண்டும். அவர்கள் கொடுத்த விவரத்தில் எந்த மாஸ்க் எழுதியிருக்கிறதோ அதுதான் சரி, ஊகம் வேண்டாம். வேறொரு சப்நெட்டிலிருந்து வந்த ஒற்றை ஐபிக்கு /24 போட்டால், அந்த வரிசையில் உள்ள மற்ற 250-க்கும் மேற்பட்ட முகவரிகளெல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன என்று சர்வர் நினைத்துக்கொள்ளும். கேட்வேவிடம் கொடுக்காமல் தானே கூவிப் பார்க்கும். உலகம் முழுவதும் வேலை செய்யும், அந்த வரிசையில் இருக்கும் வாடிக்கையாளர்கள் மட்டும் வரமுடியாது என்று புகார் வரும்.

கேள்வி: பிங் வருகிறது, ஆனால் வெப்சைட் திறக்கவில்லை.

பிங்குக்குப் பதில் சொல்வது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. வெப்சைட்டுக்குப் பதில் சொல்வது எஞ்சின்எக்ஸ் அல்லது அப்பாச்சி போன்ற புரோகிராம். அந்தப் புரோகிராம் புதிய ஐபியில் காது கொடுத்திருக்கிறதா என்று ‘எஸ்எஸ் -டிஎல்என்பி’ சொல்லும். 0.0.0.0:443 என்று இருந்தால் கார்டில் உள்ள எல்லா ஐபியிலும் கேட்கிறது. 192.0.2.10:443 என்று மட்டும் இருந்தால் புதிய ஐபி அதற்குத் தெரியாது. கான்ஃபிக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

லினக்ஸில் புரோகிராம் தொடங்காமல் பிழை காட்டினால் அதில் வரும் எண்ணைக் கவனியுங்கள். 98 என்றால் அந்த ஐபியும் போர்ட்டும் ஏற்கெனவே வேறு யாரிடமோ இருக்கிறது. பெரும்பாலும் இன்னொரு புரோகிராம் 0.0.0.0 என்று மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கும். 99 என்றால் அந்த ஐபியே இன்னும் கார்டில் இல்லை. ரீபூட் ஆனபின் மட்டும் 99 வந்து, கையால் தொடங்கினால் நன்றாக ஓடுகிறதென்றால், ஐபி ஏறுவதற்கு முன்பே புரோகிராம் எழுந்துவிடுகிறது. சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ‘நெட்வொர்க்-ஆன்லைன்’ இலக்குக்குப் பிறகு தொடங்குமாறு எழுதுவதே நல்ல வழி. இரண்டு சர்வர்களுக்கிடையே ஐபி மாறிக்கொள்ளும் கீப்அலைவ்டி அமைப்பில் மட்டும் கார்டில் இல்லாத ஐபியிலும் கேட்க அனுமதிக்கும் ‘ஐபி நான்லோக்கல் பைண்ட்’ என்ற கெர்னல் அமைப்பை 1 ஆக்குவது பொருத்தம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பயர்வால். பழைய விதிகளில் “192.0.2.10-க்கு 443 அனுமதி” என்று ஐபியைக் குறிப்பிட்டு எழுதியிருப்பார்கள். புதிய ஐபிக்கு அப்படி ஒரு வரி இருக்காது.

கேள்வி: டிஎன்எஸ் சர்வர் (தளப் பெயருக்கு ஐபி சொல்வது) புதிய ஐபியில் பதிலே தருவதில்லை. போர்ட் திறந்துதான் இருக்கிறது.

பதில் தருகிறது, தவறான முகவரியிலிருந்து தருகிறது. டிசிபியில் இணைப்பு எந்த ஐபிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும். இணைப்பே இல்லாமல் தனித்தனிப் பாக்கெட்டாகப் போகும் யுடிபியில் அந்தக் கட்டாயம் இல்லை. 0.0.0.0-இல் கேட்கும் ஒரு யுடிபி புரோகிராம், கேள்வி எந்த ஐபிக்கு வந்தது என்று தானே கவனித்து அனுப்பாவிட்டால், கெர்னல் முதன்மை ஐபியைப் போட்டு அனுப்பிவிடும். கேட்டவர் 25-ஐக் கேட்டார், பதில் 10-இலிருந்து வருகிறது. அவர் அதைக் குப்பையில் போடுவார். புரோகிராமை ஒவ்வொரு ஐபியிலும் தனித்தனியாகக் கேட்க வைத்தால் தீர்ந்தது. டிஎன்எஸ்ஸில் மட்டுமல்ல, யுடிபியில் ஓடும் விபிஎன், சிஸ்லாக், குரல் அழைப்பு சர்வர்களிலும் இதே கதைதான்.

கேள்வி: வெளியே போகும் டிராஃபிக் எந்த ஐபியில் போகும் என்று எது தீர்மானிக்கிறது?

லினக்ஸில் ஒரே சப்நெட்டில் எந்த ஐபி முதலில் ஏறியதோ அது முதன்மை. வெளியே போகும் புதிய இணைப்புகள் சாதாரணமாக அதில்தான் போகும். ‘ஐபி அட்ர் ஷோ’ காட்டும் பட்டியலில் ‘செகண்டரி’ என்ற சொல் எதற்கு எதிரே இருக்கிறது என்று பாருங்கள். ஊகிக்கவே வேண்டாம்: ‘ஐபி ரூட் கெட்’ என்று அடித்துப் பக்கத்தில் வெளியூர் ஐபி ஒன்றைக் கொடுத்தால், ‘எஸ்ஆர்சி’ என்ற சொல்லுக்கு அடுத்து எந்த முகவரி போகும் என்று கெர்னலே சொல்லிவிடும்.

எல்லாம் புதிய ஐபியில் போக வேண்டுமென்றால் டீஃபால்ட் ரூட்டில் எஸ்ஆர்சி 192.0.2.25 என்று சேர்க்கலாம். மெயில் மட்டும் போக வேண்டுமென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற புரோகிராமிலேயே வெளியேறும் முகவரியைக் குறிப்பிடுவது நல்லது. டாக்கர் கன்டெய்னர்களுக்கு ஒரு கவனம்: அவற்றின் டிராஃபிக், அனுப்புநர் முகவரியைச் சர்வரின் முகவரியாக மாற்றும் ‘மாஸ்கரேட்’ விதி வழியாகப் போவதால் முதன்மை ஐபியே ஒட்டிக்கொள்ளும். அதை மாற்ற, எந்த முகவரி என்று நாமே குறிப்பிடும் ‘எஸ்நாட்’ விதி எழுத வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் ஐபி சேர்த்ததும் மெயில்கள் திரும்பி வரத் தொடங்கிவிட்டன. என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். விண்டோஸ் சர்வர் 2008-இலிருந்து, வெளியேறும் ஐபியைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறிவிட்டது. முதலில் சேர்த்தது எது என்று அது பார்ப்பதில்லை. கேட்வேயின் முகவரியோடு இரும எண்ணில் இடப்பக்கத்திலிருந்து எது அதிகம் ஒத்துப்போகிறதோ அதை எடுக்கும்.

கணக்கிட்டே பார்ப்போம். கேட்வேயின் கடைசி எண் 1, அதாவது 00000001. முதன்மை ஐபியின் 10 என்பது 00001010. முதல் நான்கு இடங்கள் ஒத்துப்போகின்றன. இப்போது 192.0.2.5-ஐக் கூடுதலாகச் சேர்க்கிறீர்கள். 5 என்பது 00000101. ஐந்து இடங்கள் ஒத்துப்போகின்றன. அவ்வளவுதான், அந்த நொடியிலிருந்து வெளியே போகும் இணைப்புகள் 5-இல் போகத் தொடங்கும். அதற்குப் பதில் 25-ஐச் சேர்த்திருந்தால், 00011001, மூன்று இடங்கள்தான், எதுவும் மாறியிருக்காது. ஒரே வேலையை இருவர் செய்து, ஒருவருக்குக் கோளாறு வந்து மற்றவருக்கு வராமல் போவது இதனால்தான்.

மெயில் திரும்பி வரக் காரணம், 5-க்கு எஸ்பிஎஃப் பதிவும் (எந்த ஐபி மெயில் அனுப்பலாம் என்ற அறிவிப்பு) இல்லை, ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (ஐபிக்குரிய பெயர்ப் பதிவு) இல்லை. பவர்ஷெல்லில் ஐபியைச் சேர்க்கும்போதே ‘ஸ்கிப் ஆஸ் சோர்ஸ்’ என்ற அமைப்பை ‘ட்ரூ’ என்று கொடுங்கள். வெளியேறுவதற்கு அந்த ஐபியை விண்டோஸ் எடுக்காது. இந்த வசதி 2012 பதிப்பிலிருந்து பவர்ஷெல்லில் இருக்கிறது. அப்படிக் குறித்த ஐபி டிஎன்எஸ்ஸில் தானாகப் பதிவாகாது, அந்தப் பெயர் தேவையென்றால் கையால் பதிய வேண்டும்.

கேள்வி: ரீபூட் செய்தால் ஐபி காணாமல் போகிறது.

‘ஐபி அட்ர் ஆட்’ தற்காலிகம். நிலைக்க வேண்டுமென்றால் உபுண்டுவில் நெட்பிளான் கோப்பிலும், டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பிலும், ரெட்ஹாட் குடும்பத்தில் ‘என்எம்சிஎல்ஐ’ மூலமாகவும் எழுத வேண்டும். தொலைவிலிருந்து நெட்பிளானை மாற்றுகிறவர்கள் ‘நெட்பிளான் ட்ரை’ பயன்படுத்துங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். எழுதி முடித்ததும், ஆட்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒரு முறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய முதன்மை ஐபியை மட்டும் நீக்கினேன். எல்லா ஐபியும் போய்விட்டது!

லினக்ஸ் கெர்னலின் இயல்பு அது: முதன்மையை நீக்கினால் அதே சப்நெட்டில் ‘செகண்டரி’ என்று இருப்பவையும் சேர்ந்து போகும். ‘புரமோட் செகண்டரிஸ்’ என்ற அமைப்பு 1 என்று இருந்தால் அடுத்தது முதன்மையாக உயரும். சிஸ்டம்டி உள்ள பல விநியோகங்களில் அது 1 என்றே வரும். இருந்தாலும் நீக்குவதற்கு முன் உங்கள் சர்வரில் பார்த்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் தவிர வேறு வழியில் உள்ளே போக கன்சோல் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கிளவுட் சர்வரில் எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லை.

கிளவுட்டில் ஐபியை இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும்: அவர்களுடைய தளத்திலும், சர்வருக்குள்ளும். ஒன்றை மட்டும் செய்துவிட்டுத் தேடுவதுதான் வழக்கமான தவறு. அமேசானில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்குக் கூடுதல் தனியார் ஐபியை ஒதுக்கி, அதோடு எலாஸ்டிக் ஐபியை (அமேசான் தரும் பொது ஐபி) இணைக்க வேண்டும். சர்வருக்குள் சேர்க்க வேண்டியது அந்தத் தனியார் ஐபியைத்தான். பொது ஐபி சர்வருக்குள் ஒருபோதும் தெரியாது. எத்தனை சேர்க்கலாம் என்பது சர்வரின் அளவைப் பொறுத்தது: டி3 மைக்ரோவில் ஒரு இன்டர்ஃபேஸுக்கு இரண்டு ஐபிவி4 முகவரிதான். அஸூரில் கூடுதல் ஐபியை டிஹெச்சிபி கொண்டுவந்து தராது, உள்ளே கையால் எழுத வேண்டும். ஓபன்ஸ்டாக்கில் ‘அலவ்டு அட்ரஸ் பேர்ஸ்’ பகுதியில் குறிப்பிடாத ஐபியிலிருந்து வரும் பாக்கெட்டை, போர்ட் பாதுகாப்பு ஓசையின்றி விழுங்கிவிடும்.

கேள்வி: புதிய ஐபி வேறு சப்நெட். அதற்கும் ஒரு டீஃபால்ட் கேட்வே போடலாமா?

இரண்டு டீஃபால்ட் கேட்வே போட்டால் சர்வர் ஒன்றைத்தான் எடுக்கும், மற்றதன் பதில்கள் தவறான வழியில் போகும். லினக்ஸில் தனி ரூட்டிங் அட்டவணை ஒன்றை உருவாக்கி, அதில் இரண்டாவது கேட்வேயை எழுதி, “இந்த ஐபியிலிருந்து கிளம்புவது அந்த அட்டவணையைப் பார்க்கட்டும்” என்று ‘ஐபி ரூல்’ மூலம் சொல்லுங்கள். இரண்டு கார்டு இருந்தால் ‘ஆர்பி ஃபில்டர்’ மதிப்பையும் பாருங்கள். 1 என்பது கண்டிப்பு: வந்த வழியும் போகும் வழியும் ஒன்றாக இல்லாவிட்டால் பாக்கெட்டைக் கைவிடும். 2 என்பது தளர்வு.

கேள்வி: ஒவ்வொரு வெப்சைட்டின் எஸ்எஸ்எல்லுக்கும் தனி ஐபி வேண்டுமா?

வேண்டாம். இணைக்கும்போதே எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் சொல்லும் எஸ்என்ஐ வந்தபின் ஒரே ஐபியில் எத்தனை சான்றிதழ் வேண்டுமானாலும் வைக்கலாம். ஐபிவி4-இன் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அமேசான் 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4-க்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. தேவையில்லாத ஐபியைச் சேர்க்காமல் இருந்தால் மேலே உள்ள பாதிக் கேள்விகள் வராது.

கேள்வி: டேட்டா சென்டருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. என்ன எழுதுவது?

“ஐபி வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதினால் “எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது” என்று பதில் வரும். கூடுதல் ஐபி, கார்டின் மேக் முகவரி, எந்த வெளி ஐபியிலிருந்து எத்தனை மணிக்குச் சோதித்தீர்கள், அந்த நேரத்தில் டிசிபிடம்ப்பில் வந்த வரிகள், ஏஆர்பிங் அறிவித்தும் கேட்வேயின் கூப்பாடு வரவில்லை என்ற விவரம். இவ்வளவையும் முதல் செய்தியிலேயே கொடுத்து, “கேட்வேயில் இந்த ஐபிக்கு எந்த மேக் பதிவாகியிருக்கிறது?” என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் ரூட்டருக்குள் நுழைந்து பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.